தவறுக்கு வருந்துகிறோம்

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு 'தவறுக்கு வருந்துகிறோம்' என்ற இரண்டு சொற்கள் நன்கு பழக்கமானவை. முதல்நாள் இதழில் ஒருவருடைய பெயர் மாறி அச்சாகியிருக்கும். மரண அறிவித்தலில் இறந்தவருக்குப் பதிலாக அவருடைய மைத்துனரின் படம் வெளியாகியிருக்கும். மறுநாள் உள்பக்கம் ஒன்றின் மூலையில் நான்கு வரிகளைச் சிறிய பெட்டிக்குள் அடைத்து, இறுதியில் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துவிடுவோம். அதனோடு கணக்குத் தீர்ந்தது என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

நான் எழுதிய தவறு ஒன்றுக்கு அந்த நான்கு வரிகள் அச்சேறவே இல்லை. ஒரே ஒரு சொல்லில் நேர்ந்த தவறு அது. அந்தச் சொல்லைப் பற்றியும், அதை எனக்குச் சுட்டிக்காட்டிய ஒரு மனிதரைப் பற்றியும், அவர் வாழ்ந்த கொட்டகலையைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

1982ஆம் ஆண்டு. நான் தொழிலுக்குப் புதியவன். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்டு, பிறந்த மண்ணை விட்டுச் செல்லும் தோட்டக் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருமாறு என்னை அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து புகையிரதத்தில் சென்று கொட்டகலையில் இறங்கினேன். அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே உள்ள சிறிய நகரம் அது. கடைவீதியைத் தாண்டினால் எத்திசையிலும் தேயிலை மலைகள்; மலைச்சரிவுகளில் லயங்கள். இரண்டு நாட்கள் தங்கி, பலரோடு பேசி, கட்டுரையை எழுதினேன். அதன் மூன்றாவது பந்தி இவ்வாறு தொடங்கியது: "துரதிர்ஷ்டவசமாக இம்மக்கள் 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமையை இழந்தனர்."

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அனுதாபமும் நிதானமும் அதில் ஒருங்கே இருப்பதாக நினைத்தேன்.

சில வாரங்களின் பின் வேறொரு செய்திக்காக மீண்டும் கொட்டகலைக்குச் சென்றேன். முதற்பயணத்தின்போது எனக்குப் பெரிதும் உதவிய முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். ஓரளவு ஆங்கிலமும் அறிந்தவர். என் கட்டுரையை வெட்டி மடித்து வைத்திருந்தார். அதை விரித்து, பென்சிலால் கோடிட்ட ஓரிடத்தைக் காட்டினார்.

"தம்பி, எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரிக்கு மட்டும் எனக்கு அர்த்தம் சொல்லிட்டுப் போங்க. இழந்தோம்னு போட்டிருக்கீங்க. கோச்சியில குடைய மறந்து வச்சிட்டு எறங்கினா அது இழந்தது. கையில பிடிச்சிருந்த குடைய ஒருத்தன் பறிச்சிட்டுப் போனா அதுக்குப் பேரு வேற இல்லீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் விரல் 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லின்மேல் நின்றது. "இது யாரு?" என்று கேட்டார்.

'இது என்ன' என்று அவர் கேட்கவில்லை. 'யாரு' என்றே கேட்டார். அக்கேள்வியின் கூர்மை எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சொல் எங்கிருந்து என் பேனாவுக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளை இரவோடிரவாகத் தமிழாக்கிய தலைமுறையினர் நாங்கள். 'அன்ஃபோர்ச்சுனேட்லி' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் எங்கள் கை தானாகவே 'துரதிர்ஷ்டவசமாக' என்று எழுதும். 'ரிக்ரெட்டப்ளி' என்று வந்தால் 'வருந்தத்தக்க விதத்தில்'. 'ரிக்ரெட்ஃபுல்லி' என்றால் 'வருத்தத்துடன்'. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்றும் வெவ்வேறானவை. 'ரிக்ரெட்ஃபுல்லி' என்பது ஒருவரின் மனநிலையைச் சொல்கிறது. வருந்துகின்ற ஆள் ஒருவர் அதற்கு வேண்டும். 'ரிக்ரெட்டப்ளி' என்பது நடந்த காரியம் வருந்தத்தக்கது என்கிறது. யார் வருந்துகிறார் என்பதைச் சொல்வதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாதென ஆங்கில நடை பற்றிய நூல்கள் எச்சரிப்பதுண்டு. மூன்றாவதான 'அன்ஃபோர்ச்சுனேட்லி' வருத்தத்தையும் கைவிட்டுப் பொறுப்பை அதிர்ஷ்டத்தின் தலையில் இறக்கிவைத்துவிடுகிறது.

நாம் வடமொழியிலிருந்து பெற்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. 'திருஷ்டம்' என்றால் காணப்பட்டது; 'அதிர்ஷ்டம்' காணப்படாதது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்று கெட்டதாக அமைந்தால் 'துரதிர்ஷ்டம்'. ஆகவே 'துரதிர்ஷ்டவசமாக' என்று எழுதும்போது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இதைச் செய்தது என்றே எழுதுகிறோம். "இது யாரு?" என்ற கேள்வி அவ்வளவு பொருத்தமானது என்பது இதனாற்றான்.

ஏனெனில் 1948இல் நடந்தது கண்ணுக்குத் தெரியாததல்ல. தேதியும் இலக்கமும் உள்ள காரியம் அது.

சுதந்திரத்துக்கு முந்திய 1947 பொதுத்தேர்தலில் கொட்டகலை என்ற பெயரிலேயே ஒரு தேர்தல் தொகுதி இருந்தது. அதன் பிரதிநிதியாக இலங்கை இந்தியக் காங்கிரஸின் கே. குமாரவேலு பாராளுமன்றம் சென்றார். அடுத்திருந்த தலவாக்கலையில் எழுத்தாளரான சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் எஸ். தொண்டமான் என அக்கட்சியின் எழுவர் அத்தேர்தலில் தெரிவாயினர். தோட்டத் தொழிலாளர் வரிசையில் நின்று வாக்களித்துத் தம்மவரை அனுப்பிய தேர்தல் அது. எங்கள் கணக்கப்பிள்ளையும் அந்த வரிசையில் நின்றவர்.

அடுத்த ஆண்டு, டி.எஸ். சேனநாயக்க பிரதமராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 15ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றோராயினர்.

1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. 3ஆம் இலக்கச் சட்டம், நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிப்போர் விண்ணப்பிக்கலாம் என்றது. 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அவ்வாண்டில் அக்கட்சி நடத்திய சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை. மலையகத் தமிழர் ஒருவர் மீண்டும் மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் செல்வதற்கு 1977 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

1948க்கு முன்னர் 'இலங்கைப் பிரஜை' என்ற நிலையே இருக்கவில்லை, அனைவரும் பிரித்தானியப் பிரஜைகளே, ஆகையால் இல்லாத ஒன்றைப் பறித்தார்கள் என்பது எவ்வாறு பொருந்தும் என்று வாதிடுவோர் உண்டு. சட்ட நுணுக்கம் என்ற அளவில் இதைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வாக்கு இருந்தது. 1947இல் அது எண்ணவும் பட்டது. எண்ணப்பட்டதனாற்றான் அது ஆபத்தாகத் தெரிந்தது.

இச்சட்டங்களின் மொழியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டத் தொழிலாளர் என்றோ இந்தியத் தமிழர் என்றோ பெயர் குறிப்பிடப்படவில்லை. தந்தை, பாட்டன், பூட்டன் என்ற சொற்களே உள்ளன. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு இது முரணானது என்று தொடரப்பட்ட கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953இல் அங்கும் தோல்வியே கிடைத்தது. பாதிக்கப்படுவோரின் பெயரைச் சொல்லாமலேயே ஒரு சமூகத்தைப் பாதிக்கும் சட்டத்தை எழுதலாம். செய்தவரின் பெயரைச் சொல்லாமலேயே அதைப் பற்றிய செய்தியை எழுதலாம். முதலாவது வேலையைச் சட்டம் வரைந்தோர் செய்தனர். இரண்டாவதை என்னைப் போன்றோர் செய்தோம்.

கணக்கப்பிள்ளையின் தகரப் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. அன்று மாலை அதை எனக்குக் காட்டினார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் செய்த விண்ணப்பத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில் அது. தட்டச்சு செய்யப்பட்ட ஆங்கிலத்தில் நான்கு வரிகள். தாயார் நோயுற்றிருந்தபோது அவர் தமிழ்நாட்டுக்குச் சென்று ஒன்றரை ஆண்டுகள் தங்கியிருந்தார். அதனால் தொடர்ச்சியான வதிவு நிரூபிக்கப்படவில்லை. விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு 'வருத்தம் தெரிவிக்கப்படுகிறது'. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வினை. வருந்துபவர் எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை.

"தோட்டத்துக் கிளாக்கர்கிட்ட காட்டினேன். வருந்துறாங்கய்யா-ன்னு சொன்னாரு. யாரு வருந்துறாங்கன்னு கேட்டேன். அது எழுதலையே-ன்னாரு" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார்.

அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். எஞ்சியோர் அனைவரிடமும் வருத்தம் தெரிவிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டனர். நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணிக்கப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாக, எழுபத்தையாயிரம் வீதம், பங்கிடப்பட்டனர். தோட்டங்களில் 'இந்தியாவுக்குப் பதிஞ்சவங்க', 'சிலோனுக்குப் பதிஞ்சவங்க' என்று புதிய சாதிகள் இரண்டு உருவாயின. ஒரே லயத்தில், சில வேளைகளில் ஒரே காம்பராவில், இரண்டும் இருந்தன. கணக்கப்பிள்ளை இலங்கைக்குப் பதிந்திருந்தார், முடிவு வந்திருக்கவில்லை. அவருடைய இரண்டாவது மகளின் குடும்பம் இந்தியாவுக்குப் பதிந்திருந்தது. நான் முதன்முறை சென்றதற்கு முந்திய ஆண்டில் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

அந்தப் பயணத்தை வாசகர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். கொட்டகலை நிலையத்தில் ஏறினால் அட்டனை அடையுமுன் சிங்கமலைச் சுரங்கம் வரும். அக்காலத்தில் இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக நீண்ட சுரங்கம் அதுவாகவே இருந்தது. பெட்டிகள் இருளுக்குள் புகும் வரை மேடையில் நின்றவர்களின் குரல் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு பிரமை இருக்கும் என்று மகளின் கடிதத்தை நினைவுகூர்ந்து அவர் சொன்னார். அதன்பின் சமவெளி, தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அந்தப் புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதையே தலைப்பாக்கினார். கப்பல் 1984இல் நின்றுபோனது. அதற்குள், ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றுவிட்டிருந்தனர்.

பல ஆண்டுகள் கழித்து அகராதி ஒன்றைப் புரட்டியபோது எனக்குத் திகைப்பூட்டிய செய்தி ஒன்றைக் கண்டேன். 'ரிக்ரெட்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள், இறந்தவரை நினைத்துப் புலம்புதல். அதாவது ஒப்பாரி. அலுவலகத்துக் கடிதத்தில் குளிர்ந்து கிடந்த சொல்லும், கொட்டகலை மேடையில் தலையில் அடித்துக்கொண்டு பெண்கள் எழுப்பிய ஓசையும் தொடக்கத்தில் ஒன்றே. ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. போனவரின் பெயரைச் சொல்ல வேண்டும். உறவைச் சொல்ல வேண்டும். யாரால் இந்த நிலை வந்தது என்பதையும் கூசாமல் சொல்ல வேண்டும். அச்சொல் அலுவலக மேசைகளைக் கடந்து வரும்போது இம்மூன்றையும் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே பாராளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் என்றால் அனுதாபம். மன்னிப்பு என்றால் பொறுப்பு. கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2016 மே மாதத்தில், 1914இல் திருப்பியனுப்பப்பட்ட கோமகட்டா மாரு கப்பல் பயணிகளுக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்பே கேட்டார். எமது நாட்டிலும் 1983 ஜூலை வன்செயல்களுக்காக ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2004இல் மன்னிப்புக் கேட்டார். கொவிட் காலத்துக் கட்டாயத் தகனங்களுக்காக முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. ஆகவே அந்தச் சொல் எமது அரசுக்குத் தெரியாத சொல்லன்று.

1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களால் நாடற்ற நிலை படிப்படியாக நீங்கியது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டச் செய்தியை மகிழ்ச்சியோடு பக்கத்தில் அமைத்தவர்களுள் நானும் ஒருவன். எனினும் அச்சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை 'வழங்கும்' சட்டம். வழங்குதல் என்பது கொடையாளியின் சொல். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவர் வழங்குவதில்லை; ஒப்படைக்கிறார். குடையைப் பறித்துச் சென்றவர் ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் வந்து, 'இந்தா, உனக்கு ஒரு குடை வழங்குகிறேன்' என்று சொன்னால் கணக்கப்பிள்ளை என்ன சொல்லியிருப்பார் என்று அன்றிரவு எண்ணிப்பார்த்தேன்.

அவரிடம் கேட்க வழி இருக்கவில்லை. 1986இலேயே அவர் காலமாகிவிட்டார். அவருடைய விண்ணப்பத்துக்கு அதுவரை முடிவு வரவில்லை. அவர் பிறந்த தோட்டத்திலேயே, எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல், அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்ந்திருந்தபோது நான் செய்யத் தவறியதை இப்போது சொல்கிறேன். 1982இல் கொழும்பு திரும்பியதும், அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் ஒன்று போடலாமா என்று மேசையில் இருந்த மூத்தவரிடம் கேட்டேன். "பெயர் பிழையா? திகதி பிழையா? தகவலில் பிழை இல்லையே, தம்பி, எதற்குத் திருத்தம்?" என்றார் அவர். தொழில்முறைப்படி அவர் சொன்னது சரியே. நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அரசியல் பேசுகிறான் என்று நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. அடுத்த மாதமே வேறொரு செய்தியில் அதே சொல்லை மறுபடியும் எழுதினேன்.

பழக்கத்தை விடுவதற்கு நான் கண்டுகொண்ட ஒரு சிறு பரிசோதனையை இளம் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். கொட்டகலைக்கு அண்மையில் உள்ள டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, பொலிஸார் சுட்டதில் சிவனு இலட்சுமணன் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். இந்த வாக்கியத்தின் முன்னால் 'துரதிர்ஷ்டவசமாக' என்று சேர்த்துப் பாருங்கள். சேர்த்தவுடன் 'பொலிஸார் சுட்டதில்' என்ற சொற்கள் மிகையானவைபோலத் தோன்றத் தொடங்கும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் நீங்கள் முதலில் வெட்டுவது அவற்றையே. ஒரு சொல் உள்ளே வந்து வேறு சொற்களை வெளியேற்றுமானால் அந்தச் சொல்லைச் சந்தேகியுங்கள். மழையால் மண்சரிந்து லயம் புதைந்தது என்று எழுதும்போதுகூட, அந்த லயத்தை அந்தச் சரிவில் கட்டியவர் யார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு வேண்டுமானால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லுங்கள்.

2023இல், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். முன்னோர் நடந்த பாதையில் அவர்களுடைய வாரிசுகள் நடந்தபோது, வயது காரணமாக என்னால் அதில் கலந்துகொள்ள இயலவில்லை. செய்தியை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், தர வேண்டிய நான்கு வரிகள் என்னிடம் இன்னும் பாக்கியிருக்கின்றன என்ற நினைவு வந்தது. பத்திரிகையில் இனி எனக்கு இடமில்லை. இந்தப் பக்கத்திலேனும் போட்டுவிடுகிறேன்.

திருத்தம்: 1982ஆம் ஆண்டு நான் எழுதிய கட்டுரையில், "துரதிர்ஷ்டவசமாக இம்மக்கள் 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமையை இழந்தனர்" என்று வந்துள்ளது. அது, "இலங்கைப் பாராளுமன்றம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இம்மக்களுக்குப் பிரஜாவுரிமையை மறுத்து, 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் அவர்களது வாக்குரிமையைப் பறித்தது" என்றிருத்தல் வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.